நாக்கில் ஒட்டிய பீஸ் கட்டை

உன் அம்மா நேற்று என் கையில் ஒரு பீஸ் கட்டையை வைத்தார்கள். ஃபியூஸ் கம்பி சுற்றி மெயின் பாக்ஸில் மாட்டுகிற அதே வெள்ளைக் கட்டைதான், ஆனால் பளபளப்பு இல்லாதது. சூளையில் ஒரு தடவை வெந்து, கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு போடுவதற்கு முன்னாலேயே நீ கிளப்பிக்கொண்டு வந்தது. உன் வருஷத் திதிக்காக விருத்தாசலம் வந்திருந்தேன். "அவ கைப்பையில இருந்துச்சு பாப்பா. எதுக்கு வச்சிருந்தான்னு ஒனக்குத்தான் தெரியும், நீயே எடுத்துக்க" என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது ஆள் இல்லாத இடமாகப் பார்த்து அதை நாக்கில் வைத்தேன். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. நீ போய் ஒரு வருஷம் ஆகியும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பொறாமை.

ஆமாம்டி, பொறாமைதான். செத்தவள்மேல் என்ன பொறாமை என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். பாண்டிச்சேரி ஓட்டலில் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே அறையில்தான் தங்கினோம். ஒயினுக்கென்று தனியாக ஓர் ஆளைப் போடப்போகிறோம், பரிமாறுகிறவர்களில் ஒருவருக்குத்தான் அந்த இடம் என்று மேனேஜர் சொன்ன அன்றைக்கே நான் புத்தகம் வாங்கினேன். இரண்டு நோட்டு நிறைய எழுதினேன். கேபர்னே என்கிற சிவப்பு ஒயின் என்றால் பிளாக்கரண்ட் பழ வாசனை என்று உருப்போட்டேன். அந்தப் பழத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் பெயர் பார்த்ததோடு சரி.

நீ புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கினாய். மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு மேனேஜர் பழகுவதற்கென்று ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றுவார். வாயில் சுழற்றிவிட்டு ஜாடியில் துப்ப வேண்டும். வீட்டில் நாம் ஜூஸ் பிரிவில் வேலை என்றுதானே சொல்லி வைத்திருந்தோம்! நான் நோட்டில் இருந்ததை ஒப்பிப்பேன், அவர் தலையாட்டுவார். நீ கிளாஸுக்குள் மூக்கை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவாய். வெள்ளை ஒயினில் சோவினியான் பிளாங்குக்கு, "கொய்யாக்காய கடிச்சிட்டு பச்ச மொளகா காம்ப கிள்ளுன மாதிரி இருக்குது சார்." ஷெனின் பிளாங்குக்கு, "எங்க ஊரு முந்திரித் தோப்புல பழம் விழுந்து கெடக்குமே, அந்த வாசன." சிவப்பில் ஷிராஸுக்கு, "நாவப்பழத்துல யாரோ மொளகுத்தூள தூவிட்டாங்க." அவர் மறுபடி மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "அட, ஆமாம்மா!" என்பார். எனக்கு ஒரு நாளும் அந்த 'அட' கிடைக்கவில்லை.

கேபர்னேக்குத்தான் நீ பீஸ் கட்டையைச் சொன்னாய். அவருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. சிறு வயதில் செராமிக் எஸ்டேட்டில் உன் அம்மா வேலை செய்த கம்பெனி வாசலில் நாம் காத்திருப்போம். உள்ளே அம்மா ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒரு கட்டையை எடுத்து நாக்கில் வைத்து வைத்துப் பார்ப்பார்கள். "நாக்க இழுத்துச்சின்னாதான் கிளேஸ குடிக்கும். இழுக்கலன்னா ரொம்ப வெந்துபோச்சின்னு அர்த்தம்" என்பார்கள். நீயும் எடுத்து நக்குவாய். நான் மாட்டேன். என் அப்பா பள்ளிக்கூட ஹெட் கிளார்க். கண்டதை வாயில் வைத்தால் முதுகு பழுத்துவிடும். "அந்த இழுப்பு சார், அதே இழுப்பு" என்று நீ மேனேஜரிடம் சொன்னபோது, எங்கள் வீட்டுச் சுத்தத்தின்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

அந்த இடத்துக்கு ஆள் எடுக்க வைத்த பரீட்சை அன்றைக்கு நடந்ததை இப்போது சொல்கிறேன். லீவு முடிந்து விருத்தாசலத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தோம். ஜன்னல் காற்றில் உனக்குத் தொண்டை கரகரத்தது. பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பெட்டிக்கடையில் இருமல் மிட்டாய் இரண்டு வாங்கினேன். நெடி மண்டைக்கு ஏறுமே, அந்த மிட்டாய். உடனே கொடுக்கவில்லை. உடை மாற்றும் அறையில், கூப்பிடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் நீட்டினேன். ருசி பார்ப்பதற்கு முன்னால் அதை வாயில் போட்டால் மூக்கு செத்துவிடும் என்று என் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். நீதான் படிக்கவே இல்லையே.

நீ ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாய். போட்டுக்கொண்டு சும்மா இருந்தாயா? "நீயும் போட்டுக்கடி, ஏசில ஒனக்கும் தொண்ட கட்டிக்கும்" என்று இன்னொன்றைப் பிரித்து என் வாயில் திணித்துவிட்டாய். துப்பினால் ஏன் என்று கேட்பாய். நான் என்ன சொல்ல? சப்பினேன்.

மேசையில் நான்கு கிளாஸ், இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. பாட்டில்களை நியூஸ்பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்கள். எதில் எந்த ஒயின் என்று எழுத வேண்டும். நான் மோந்து மோந்து பார்த்தேன். நான்கிலும் இருமல் மிட்டாய்தான் வந்தது. குருட்டாம்போக்கில் எழுதியதில் வெள்ளை இரண்டின் பெயரும் இடம் மாறிப்போனது, சிவப்பிலும் அப்படியே. ஒன்றுகூடத் தேறவில்லை. நீயும் மோந்தாய், உதட்டைப் பிதுக்கினாய். பிறகு மூக்கை விட்டுவிட்டு வாயில் ஊற்றிக்கொண்டாய். பல் கூசினது சோவினியான், கூசாதது ஷெனின். நாக்கை இழுத்தது கேபர்னே, சும்மா விட்டது ஷிராஸ். நான்கும் சரி. மிட்டாய் வாசனையைக் கொன்றது, இழுப்பை அதனால் என்ன செய்ய முடியும்? இது எந்த நோட்டிலும் இல்லை.

வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். "தொண்ட வலியோட போயிருந்தா சொதப்பி இருப்பேன்டி. ஒன் மிட்டாய்தான் காப்பாத்துச்சி." அதோடு விட்டாயா? மேனேஜரிடம் சொன்னாய், சமையற்கட்டில் சொன்னாய், ஊருக்குப் போய் உன் அம்மாவிடமும் சொன்னாய். அவர்கள் எனக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிட்டார்கள். அதையும் தின்றேன்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஒயின் ஆளுக்கான கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு நீ மேசைக்கு மேசை போனாய், நான் தட்டு எடுத்தேன். நீ சிரிக்கும்போதெல்லாம் எனக்கு எரிந்தது. உனக்கு ஏதாவது ஆகக்கூடாதா என்று ஒரே ஒரு தடவை நினைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஆறே நாளில் போய்விட்டாய். அந்த நினைப்பையும் இதையும் சேர்த்துப் பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் இடம் எனக்குத்தான் வந்தது. வேறு ஆள் இல்லை. போன வாரம் ஒயின் பட்டியலைப் புதிதாக எழுதச் சொன்னார் மேனேஜர். "உன் பாணியில எழுதும்மா" என்றார். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொய்யாக்காய் வந்தது, முந்திரிப்பழம் வந்தது, நாவற்பழமும் மிளகும் வந்தன. எனக்கென்று ஒரு சொல் வரவில்லை.

இப்போது இந்தக் கட்டை என் ஏப்ரன் பையில் இருக்கிறது. இன்றைக்குக் கேபர்னே திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை நாக்கில் வைத்துக்கொண்டேன். வைத்துப் பார்த்ததும் ஒயின் எனக்குப் புரிந்தது, உன்மேல் எரிச்சலும் வந்தது. நேற்று உன் அம்மா என்னைச் சொந்தக்காரர்களிடம் காட்டி, "இந்தப் பொண்ணுதான், பரீட்ச அன்னிக்கி மிட்டாய் குடுத்து அவள தேத்தி உட்டது" என்றார்கள். கும்பிட்டுவிட்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் நீ என் மயிரைப் பிடித்து உலுக்குவாய், இரண்டு நாள் பேசமாட்டாய், மூன்றாம் நாள் டீ வாங்கி வருவாய். அதற்கு நீ இல்லை. கடைசிவரை நீ நம்பினாயே, நல்ல மனசோடு மிட்டாய் வாங்கிக் கொடுத்த ஒரு சிநேகிதியை. அவள்மேலும் எனக்குப் பொறாமைதான்டி.