மாடிப்படிக்கு அடியில் இருந்தவர்கள்

மார்ச் 4
பிறந்த ஊருக்கு, இருபத்தெட்டு வருடம் கழித்து வந்திருக்கிறேன். அந்நாளில் சிப்பாய்கள் மணல் மூட்டை அடுக்கி, கையை உயர்த்தச் சொல்லிப் பெயர் கேட்ட அதே முச்சந்தியில், இன்று ஒரு பெண் சிரித்தபடி குளிர்ந்த துண்டும் வரைபடமும் தந்தாள். "முதல் தடவையா வர்றீங்களா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கினால் துண்டு சூடாகிவிடும்.

மார்ச் 5
அக்கா இங்கே சுற்றுலா வழிகாட்டி. குடையை உயர்த்திப் பிடித்து முன்னால் நடக்கிறாள். பின்னால் ஒரு படையே போகிறது. கலவரம் முற்றியபோது மாமாவின் காரில் மிச்சமிருந்த ஒரே இடத்தில் என்னை ஏற்றி அனுப்பினார்கள். கொடுத்து வைத்தவள் என்றார்கள். தூர தேசத்தில் உட்கார்ந்து அக்காவை நினைத்துப் பரிதாபப்படுவேன், சுகமாக இருக்கும். இப்போது பேக்கரிக்காரர் அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறார். என்னிடம், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்கிறார்.

பொறாமையா? சே. வயிறு லேசாக எரிகிறது. விமானச் சாப்பாடு.

மார்ச் 6
டிக்கெட் வாங்கிக்கொண்டு அவள் கூட்டத்தோடு நடந்தேன். தங்கைக்குச் சலுகை கிடையாதாம். கடைசியில் எங்கள் பழைய வீடு. மாடிப்படிக்கு அடியில் அந்தப் பொந்து.

"வெளிய துப்பாக்கிச் சத்தம். சின்னப் பொண்ணு நான், தன்னந்தனியா இதுக்குள்ள ஒளிஞ்சிருந்தேன்," என்றாள் அக்கா. ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினார்.

தன்னந்தனியாகவா?

"ஏன்க்கா பொய் சொல்ற? சாயங்காலம் பூரா என் கால் மேல உக்காந்துக்கிட்டு, என் வாயப் பொத்தினியே!"

கூட்டத்திலிருந்து கைதட்டல். நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். மூக்கைச் சிந்திய அம்மாள் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்.

இப்போதிருக்கும் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "மறுவாரமே நீ போயிட்ட. அப்புறம் வருஷக்கணக்கா நான் தனியாத்தானே இருந்தேன். உன்னச் சொன்னா, எங்க போனான்னு கேப்பாங்க."

"அனுப்பிட்டாங்கன்னு சொல்லேன்."

"'அப்ப உன்ன ஏன் அனுப்பல'ன்னு என்னக் கேப்பாங்களேடி."

பொறாமையிலும் அவள்தான் எனக்கு மூத்தவள். இருபத்தெட்டு வருடம்.

மார்ச் 7
நேற்று வந்தவர்களில் யாரோ இணையத்தில் எழுதியிருக்கிறார்: 'கோபக்காரத் தங்கையாக நடித்தவர் பிரமாதம். வழிகாட்டியைவிட இயல்பு.' திரும்பத் திரும்பப் படித்தேன். "போதும், எழுத்து தேஞ்சிடப் போகுது," என்று அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

மார்ச் 8
பேசவில்லை. இருவரும்.

மார்ச் 9
இன்றும் போனேன். டிக்கெட் கேட்கவில்லை. பொந்தருகே அக்கா, "நாங்க ரெண்டு பேர்," என்று ஆரம்பித்தாள். கத்துவதற்குத் தயாராக வந்த நான் வரைபடத்தைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டேவிட்டார்: "அப்புறம் தங்கச்சி எங்க போனாங்க?"

அக்கா குடையை மடக்கினாள். மெதுவாக.

"எங்க போவா? இதோ, வழிய அடைச்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நகர்ந்து வழிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துத் திரும்பப் பக்கத்தில் நிறுத்தினாள்.

மார்ச் 14
பயணத்தைத் தள்ளிப்போட்டாயிற்று. காலைக் கூட்டம் அவளுக்கு, மாலைக் கூட்டம் எனக்கு. காலையில்தான் ஆள் நிறைய வருகிறார்கள். மூத்தவளாம், அதையும் எடுத்துக்கொண்டாள்.