பேட்டரிக்கு இட்ட சந்தனம்

7-10-2011, வெள்ளி

தேவகி,

"வண்டிக்கும் வயசாயிடுச்சி, உங்களுக்கும் வயசாயிடுச்சி. நான் மயிலத்துக்கு பஸ்லயே போய்க்கிறேன்" என்று நேற்று நீ சொன்னது அநியாயம்.

இன்று காலை மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருந்தும் செல்ஃப் சுற்றவில்லை. ஆயுத பூஜையன்று உன் மகன் மணிமாறன் கம்பிகளைக் கழற்றி, பேட்டரி முனைகளில் சந்தனத்தை அப்பி, காய்வதற்குள் அதன் மேலேயே கம்பிகளை மாட்டி முடுக்கியிருக்கிறான். மின்சாரத்தை மறித்த அந்தக் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டியதும் ஒரே அழுத்தில் கிளம்பிவிட்டது. ஓடும்போது மீட்டர் பதினான்கைத் தொடுவதால் சார்ஜிலும் குறையில்லை.

கூட்டேரிப்பட்டு வரை ஓட்டிப் பார்க்கப் போகிறேன். புதுப் பேட்டரியோடு மெக்கானிக் முருகையன் வந்தால், மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பு.

பின்குறிப்பு: இனிமேல் முகப்பு விளக்குக்கு மட்டும் சந்தனம் இட்டால் போதும். உனக்கு மல்லிகை வாங்கி வருகிறேன். மாலையில் பேருந்தைத் தேடிப் போகாமல், என் பின்னால் ஏறி உட்கார்.