மூன்று பிழை காட்டிய வழங்கியை அழிக்காதீர்

அனுப்புநர்:
தினேஸ்வரி அப்பாவு,
செயலாளர், தன்னார்வ நிரலாளர் கழகம்,
கோப்பெங், பேராக்.

பெறுநர்:
தலைமை அதிகாரி,
செம்பனைச் சமூகக் கணினி வாரியம்,
ஈப்போ, பேராக்.

பொருள்: எங்கள் மூலநிரல் வழங்கியின் கோப்பு முறைமையை மாற்றும் ஆணையை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நடுநிலை காக்கும் அதிகாரியே, வாரியத்தின் உறுப்பினர்களே, கேளுங்கள்! உண்மையைச் சொன்ன குற்றத்திற்காக ஒரு கணினிக்குத் தண்டனை விதித்திருக்கிறீர்கள்.

1. பாகான் டத்தோவிலிருந்து தெலுக் இந்தானுக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் செல்லும் நாற்பத்தொரு நோயாளிகளின் வேன் நேரத்தை எங்கள் கழகம் எழுதிய நிரலே வகுக்கிறது. அதன் எல்லாப் பதிப்புகளும் வாரியக் கட்டடத்திலுள்ள எங்கள் வழங்கியில் (சர்வரில்) காக்கப்படுகின்றன. அதற்கு இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையைத் தேர்ந்தவர் எங்கள் உறுப்பினர் மர்ஜானா.

2. அம்முறைமை, தான் எழுதும் ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்துத் தனியே வைக்கிறது. மாதந்தோறும் வட்டிலுள்ள அனைத்தையும் படித்து அவ்வெண்களோடு ஒப்பிடுகிறது. ஏதேனும் சிதைந்திருந்தால் இரண்டாம் வட்டிலுள்ள நல்ல படியைக் கொண்டு தானே திருத்துகிறது. திருத்தியதை மறைக்காமல் அறிக்கையிலும் எழுதிவிடுகிறது. இருபதாண்டுகள் மேடைகளில் முழங்கியவள் நான். மர்ஜானா இதை விளக்கியபோது, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். கோடிக்கணக்கான எழுத்துகளுள் ஒன்று புரண்டாலும் அதற்குத் தெரிகிறது, ஐயா!

3. கடந்த பிப்ரவரியில் அது மூன்று சிதைவுகளைக் கண்டு திருத்தியது. மூன்றும், நிறுவியபின் எட்டு மாதங்களாக எவரும் எடுத்துப் பாராத, அப்போதைய பதிப்பின் காப்புப் படியில் இருந்தவை. மே மாதத்தில் நாங்கள் வெளியிட்ட புதிய பதிப்பில் எங்கள் பிழையால் ஆறு நோயாளிகள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். அவர்களுள் ஒருவரான காளியம்மா சாலையோரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, “யம்மா, வேன் இன்னும் வரலயே, ஜாலான் ஓரமாவே நிக்கிறேன், கால் வீங்கிப் போச்சு” என்றார். மர்ஜானா உடனே வழங்கியிலிருந்து அந்த முந்தைய பதிப்பை எடுத்து நிறுவினார். பிப்ரவரியில் திருத்தப்பட்டிருந்ததால் அதில் ஓர் எழுத்தும் குறையவில்லை. அன்று காலை பத்து மணிக்குக் காளியம்மாவுக்குச் சிகிச்சை தொடங்கியது.

4. வாரியத்தின் அரையாண்டுப் படிவத்தில் ‘பிழைகள்’ என்றொரு கட்டம் உண்டு. நாங்கள் ‘மூன்று’ என்று நிரப்பினோம். ஏனைய பதினொரு வழங்கிகளும் ‘சுழியம்’ என்றன. வாரியத்தின் கணினிப் பராமரிப்பாளர் மர்ஜானாவிடம், “மத்த சர்வர் எல்லாம் கோசோங்லா அக்கா, ஒங்களோடது மட்டுந்தான் ரோசாக். அதுங்க மாதிரியே மாத்திடலாம்” என்றாராம். மற்றவை சுழியம், எங்களுடையது மட்டும் பழுதாம்! அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்தே ஆணை பிறந்திருக்கிறது.

5. அந்தப் பதினொன்றிலும் உள்ள முறைமைகள் கோப்புகளின் உள்ளடக்கத்தை இவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பதே இல்லை. தேடாதவர் எதைக் கண்டுபிடிப்பார்? அங்கே எத்தனை சிதைவுகள் உறங்குகின்றனவோ, தங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் வழங்கியையும் அவ்வாறு குருடாக்கினால், அடுத்த சிதைவை நாங்கள் அறியும் நாளில் யாரேனும் ஒருவர் சாலையோரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

ஆகவே, அந்த ஆணையைத் திரும்பப் பெறுங்கள். படிவத்தில் ‘பிழை தேடப்பட்டதா?’ என்னும் கட்டத்தையும் சேர்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முறைமையை மாற்றுவதற்காக வட்டுகளை அழிக்க ஆள் வருகிறார். தடையாணையில் இன்றே கையொப்பமிடுங்கள்!

இடம்: கோப்பெங்
நாள்: 12.08.2024

இங்ஙனம்,
தினேஸ்வரி அப்பாவு