காப்பு அவிழ்க்கும் வரை

17.4.86, வியாழன்
காலையில் மழை. என் பாலர் பள்ளி வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. துணி காயவில்லை.

சாயந்திரம் இவரோடு கடைக்கு. கேட்டால்கூட வாய் திறக்காத மனுஷன், இன்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் நின்று குசலம் விசாரிப்பு. குழாயடியில் ஒரு தடவை, வேலை மேய்க்கும் மண்டோர் வீட்டு வாசலில் ஒரு தடவை. கட்டியிருந்த மாட்டிடம்கூட! எனக்கு ஒரே சிரிப்பு. லயத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. நாலு வருஷத்துக்கு முன், ஆபரேஷனுக்கு முந்தியும் இப்படித்தான். கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நிற்பார். வலி என்று மட்டும் சொல்லமாட்டார்.

18.4, வெள்ளி
இவர் தூங்கும்போதே பாதத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன். தொடையிலிருந்து ரத்த நரம்பு எடுத்து, அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு வேறு வழி தைத்த கோலாலம்பூர் டாக்டர் காட்டிய இடம். "இங்க துடிக்கலன்னா உடனே கூட்டி வாங்க. எத்தனை வருஷம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது." முதல் வருஷம் தினமும் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

வலது கால் துடிக்கிறது. ஆபரேஷன் செய்த இடது காலில் ஒன்றுமில்லை. ஜில்லென்று இருக்கிறது. என் கைதான் சரியில்லையோ என்று மறுபடி, மறுபடி.

"நாளைக்கே கே.எல். போவோம்ங்க."

"காப்பு கட்டியிருக்கு. எஸ்டேட் எல்லையத் தாண்டக் கூடாதுன்னு தெரியாதா? ஞாயித்துக்கெழம பூ மிதிச்சு, காப்ப அவுத்துட்டுப் போலாம் லா. இந்தக் காலே அவ குடுத்ததுதான்."

கால் பிழைத்தால் வருஷா வருஷம் பூ மிதிப்பார் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டது நான். நடப்பது இவர்.

19.4, சனி
பால் கெட்டுப்போச்சு. கோயிலுக்கு விறகு லோரி வந்தது. ஆள் உயரத்துக்கு அடுக்குகிறார்கள். பார்க்கவே பயம்.

20.4, ஞாயிறு
நல்ல வெயில். எல்லோரும் குழியில் ஓட்டமாக ஓட, இவர் மட்டும் நிதானமாக நடந்தார். கூட்டம் ஓவென்று கத்தியது.

"சூடே தெரியலக்கா" என்றார் நாத்தனாரிடம்.

"அம்மா மேல வந்திருக்காடா தம்பி, சூடு எங்க தெரியும்!"

போன வருஷம் சுட்டது. அதுக்கு முந்தின வருஷமும் சுட்டது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஜனங்கள் இவர் காலில் விழுந்து கும்பிட்டார்கள். எனக்குக் கை கூப்ப வரவில்லை. இடது பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தாயே, கோபித்துக்கொள்ளாதே. பயமாக இருக்கிறது.

21.4, திங்கள்
காலையில் காப்பு அவிழ்த்தாச்சு. எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸரைக் கூப்பிட்டு வந்தேன். உள்ளங்காலில் பெரிய கொப்புளம், உடைந்திருந்தது. இவருக்குத் தெரியவே தெரியாது. டிரஸ்ஸர் மருந்து வைத்துக் கட்டு போட்டார். பிறகு ஊசி முனையால் விரல் விரலாகக் குத்தினார்.

"வலிக்குதாண்ணே?"

"என்னா செஞ்சீங்க?"

டிரஸ்ஸர் என்னைத்தான் பார்த்தார். "டீச்சர், துணி எடுத்து வைங்க. என் கார்லயே போயிடலாம்."

சாரோங் 2, துண்டு, பிளாஸ்க், பழைய ஆஸ்பத்திரி சீட்டு, திருநீறு.

கட்டுக்கு மேலேயே மாட்டி, இரண்டு காலிலும் செருப்போடுதான் வீட்டை விட்டு இறங்கினார். எஸ்டேட் கேட் தாண்டியபோது சும்மா கீழே பார்த்தேன். வலது காலில் செருப்பு. இடது காலில் கட்டு மட்டும்.

"ஏங்க, செருப்பு எங்க?"

"கால்லதானே இருக்கு" என்றார், வெளியே பார்த்தபடி.