தராசில் ஏறிய தூண்டில் கயிறு

வெள்ளிக்கிழமை, இரவு

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் என் வீட்டுக்காரர், இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற நீளமான தூண்டில் கோல் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். அடுத்த வாரம் கிளம்பிவிடுவார். அதை இப்போது எழுத வேண்டாம்.

நேற்று வெண்ணாற்றில் வீசிக் காட்டினார். இந்த வகைத் தூண்டிலில் கயிற்றின் எடைதான் வீச்சைத் தூரம் கொண்டுபோகும். ஆனால் கயிறு காலடியிலேயே சுருண்டு விழுந்தது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

எடை எண் கோலிலும் எட்டு, கயிற்றுப் பெட்டியிலும் எட்டு என்றுதானே போட்டிருக்கிறது என்றார்.

"ஒத்தக் கையால வீசுற தூண்டிலுக்குன்னு அந்தப் பெட்டியிலயே போட்டிருக்குங்க. எட்டுன்னா ரெண்டுக்கும் ஒரே எடையா இருக்குமா?" என்றேன்.

இன்று எங்கள் நகைக்கடையைத் திறந்ததும், அவர் பையிலிருந்த கயிறுகளின் தடித்த முன்பகுதியை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். கோலுக்கு எத்தனை கிராம் வேண்டும் என்று அவர் போனில் தேடிச் சொன்னார். நேற்று வீசிய கயிறு அதில் பாதிகூட இல்லை. பெட்டி தொலைந்துபோன பழைய கயிறு ஒன்று சரியாக நின்றது.

மாமனார் பார்த்துவிட்டார். "போணிக்கு முன்னாடி தராசுல தங்கம்தாம்மா ஏறணும். தூண்டில் கயித்தையா ஏத்துவ?" என்றார். அப்புறம் நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. வியாபாரமும் மந்தம். அது வேறு உறுத்தியது.

சாயங்காலம் அந்தக் கயிறு ஆற்றின்மேல் வளைந்து எழுந்து, அக்கரை நாணல் ஓரம் போய் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவே போதும் என்றிருந்தேன். அப்போது பின்னால், கரைக்கு வந்திருந்த மாமனார் பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது கேட்டது.

"நம்ம கடைத் தராசுல எடை போட்டது. எப்படித் தப்பும்?"