அடி உயர்ந்த பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

விடுமுறைக் கூட்டம் இன்னும் குறையவில்லை. இந்தத் தண்ணீர்ப் பூங்காவில் எங்கள் கவுன்டர் நீர்ச்சறுக்கு முடியும் இடத்துக்கு நேர் எதிரே இருப்பதால், எல்லோரும் சொட்டச் சொட்ட வந்துதான் நிற்கிறார்கள். நனைந்து பசியோடு வருகிறவர்கள் விலை பார்க்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இங்கே கடை வைத்திருக்கிறார்கள். ஆனால் பார்க்கிறார்கள். இன்று ஒருவர் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே பர்கர் வாங்கி, வெட்டுவதற்குக் கத்தி கேட்டார். கத்தி இல்லை. "இந்த விலைக்கு வெளியில குடும்பமே உக்காந்து சாப்பிடலாம்மா" என்றார். விலை போடுவது நான் இல்லை. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பர்கரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். ரொட்டி உறைந்து வரும், நடுவில் வைப்பதும் உறைந்து வரும். இரண்டையும் சூடாக்கி, ஒன்றாக்கி, விளக்கின் கீழே வைத்தால் தீர்ந்தது வேலை. மோசம் என்று சொல்ல முடியாது. நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லியும் நான் கேட்டதில்லை.

ஜூன் 5, வியாழன்

உருளைக்கிழங்கு ஃபிரைஸுக்குப் புதுப் பெட்டி வந்திருக்கிறது. உயரம் அதேதான், சிவப்பு மட்டும் கொஞ்சம் பளிச்சென்று. மேலாளரே கொண்டுவந்து போட்டார். வாயைத் திறந்தால் கிராம் கணக்குதான் வரும் என்பதால் எங்களுக்குள் அவர் 'கிராம் சார்'. இன்று, "புது டிசைன், மடிச்சா அதுவா வந்துடும்" என்பதோடு கிளம்பிவிட்டார். கிராமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடம்பு சரியில்லையோ என்னவோ.

பெட்டி மடிப்பதும் கிழங்கு வறுப்பதும் அண்ணியின் பொறுப்பு. அண்ணன் மனைவி, போன வருடம் நான்தான் இங்கே சேர்த்துவிட்டேன். அதற்கு முன்னால் கேக் கடையில் பெட்டி மடித்த கை. தட்டையாக வரும் அட்டையை ஒரு தட்டு, ஒரு திருப்பு, உள்ளே கட்டைவிரலால் ஒரு அழுத்து. டக்கென்று பெட்டி நிற்கும். கடை திறப்பதற்குள் ஒரு நாளைக்கு வேண்டியதை அடுக்கிவிடுவார். நான் மடித்தால் அதில் பாதி கூட ஆகாது.

ஜூன் 11, புதன்

ஒரு வாரமாக ஃபிரைஸைப் பற்றிப் புகாரே இல்லை. இது எனக்குப் பழக்கமில்லை. "பரவால்லயே, மத்த கடைய விட இங்க நிறையத் தர்றீங்க" என்று ஒரு பெண் சொன்னாள். கிராம் சார் காதில் போட்டேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

கூட்டம். கால் வலி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

கிராம் சார் கிடங்குக்குக் கூப்பிட்டார். வித்த பெட்டிக்கும் தீர்ந்த கிழங்குக்கும் பொருந்தவே இல்லையாம். "மத்த கவுன்டர்ல எல்லாம் சரியா இருக்கு. உங்களுதுல மட்டும் மூட்டை மூட்டையா போகுது. கிழங்குல கை வைக்கிறது யாரு?"

அண்ணிதான். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உங்க சொந்தம். அதனாலதான் உங்ககிட்டயே சொல்றேன். நாளையிலேருந்து எல்லார் பையையும் பாத்து அனுப்புங்க. மாசக் கடைசிலயும் இப்படியே இருந்தா, அவங்கள நிறுத்துறதத் தவிர வேற வழி இல்ல."

முதுகு வலியால் அண்ணன் வண்டி ஓட்டுவதை விட்டு நாலு மாதம் ஆகிறது. அந்த வீடு இப்போது ஓடுவது அண்ணியின் சம்பளத்தில். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 18, புதன்

பை பார்த்தேன். சொந்தக்காரி என்று விட்டுவிட்டேன் என யாரும் சொல்லக் கூடாதே என்று முதலில் அண்ணியைக் கூப்பிட்டேன். சீப்பு, துண்டு, அண்ணனுக்குத் தைலம், டிபன் டப்பா. அண்ணி இந்தக் கடையில் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை, வீட்டிலிருந்துதான் கொண்டுவருவார்.

டப்பாவையும் திறந்தேன். காலி. கழுவித் துடைத்திருந்தது.

பின்னால் நின்றவர்களின் டப்பாவை நான் திறக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது.

ஜூன் 20, வெள்ளி

அண்ணன் போன் செய்தார். "என்ன ஆச்சு உங்க அண்ணிக்கு? வீட்டுக்கு வந்தா வாயே தெறக்கல. அங்க யாராவது எதாவது சொன்னாங்களா?"

வேலை அதிகம் என்றேன்.

எடுத்திருப்பாரா? எடுக்க மாட்டார். ஆனால் கஷ்டம் என்று வந்தால் யார் என்ன செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகளுக்கு ஒரு நாள், இரண்டு நாள் எடுத்துப்போய், பிறகு... மூட்டை மூட்டையாக எங்கே கொண்டுபோக முடியும்? பஸ்ஸிலா? யோசித்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. ஆனாலும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

இன்று அண்ணிக்கு வார விடுப்பு. எப்போதும் விடுப்பு நாளுக்கும் சேர்த்து முதல் நாளே மடித்துவைத்துவிட்டுப் போவார். இந்த முறை வைக்கவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. நானே உட்கார்ந்து மடித்தேன், கோணலும் மாணலுமாக.

மதியம், வாரா வாரம் மகளைக் கூட்டிவரும் ஒருவர் பெட்டியைத் திருப்பிக்கொண்டுவந்தார். "போன தடவை எவ்ளோ இருந்துச்சு! இன்னிக்கு என்ன இவ்ளோதான்?" மேல் வரைக்கும் நிரப்பித்தான் கொடுத்திருந்தேன். கிழங்கைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். உண்மைதான், கொஞ்சமாகத்தான் இருந்தது. உள்ளே விரலை விட்டால் பாதியிலேயே தட்டுகிறது. அடி மேலே தூக்கி நிற்கிறது.

அண்ணி மடித்ததில் ஒன்று நேற்றைய மிச்சமாகக் கிடந்தது. அதிலும் விரலை விட்டேன். அடி தட்டை. கேக் பெட்டிக்கு அழுத்துகிற மாதிரி கட்டைவிரலால் அழுத்தி இறக்கியிருக்கிறார். மடிப்பு சரியாக விழவில்லை என்று நினைத்து, ஒவ்வொன்றையும் திருத்தியிருக்கிறார் பாவி மனுஷி!

கிழங்கு போன வழி இதுதான். வந்தவருக்கு இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டு அனுப்பினேன்.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டு பெட்டியையும் கிராம் சார் மேஜையில் வைத்தேன். அவரும் விரலை விட்டுப் பார்த்தார். "அட! அப்போ திருட்டு இல்ல." பெரிய நிம்மதி அவருக்கு.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"விலைய ஏத்தினா சண்டைக்கு வருவாங்க. அடிய ஏத்தினா யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட சொன்னா வெளிய போயிடும்னு மேலிடத்துல சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. இனிமே அழுத்தாம மடிக்கச் சொல்லுங்க. பையும் பாக்க வேணாம்."

அண்ணியிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "உங்க சொந்தம்தானே, நீங்களே சொல்லிடுங்க" என்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு — விடு. எழுதி என்ன?

ஜூன் 25, புதன்

சொன்னேன். பெட்டியையும் காட்டினேன். அண்ணி முதலில் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ இத்தன நாளா ஜனங்க குடுத்த காசுக்கு ஒழுங்கா சாப்பிட்டிருக்காங்களா? நல்லதுதான்." பிறகு அட்டையை எடுத்து மடிக்க உட்கார்ந்தார். கட்டைவிரல் தானாக உள்ளே போனது. வெளியே எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே கேட்டார். "நான் எடுத்தேன்னு நீ நம்பினியா?"

"சார் சொன்னாரேன்னுதான் அண்ணி பாத்தேன்."

"அவர் டப்பாவத் தெறக்கச் சொன்னாரா?"

எண்ணெய் காய்ந்துவிட்டது என்று எழுந்து போனேன். நம்பினேன். இரண்டு நாள் முழுசாக நம்பினேன். அதை இங்கே எழுத முடிகிறது, அங்கே சொல்ல முடியவில்லை.

ஜூன் 30, திங்கள்

புகார்கள் திரும்பிவிட்டன. கிழங்குக் கணக்கு பிசகாமல் வருகிறதாம். கிராம் சார் மறுபடி கிராமில் பேசுகிறார்.

ஜூலை 2, புதன்

அண்ணியின் வேலைக்கு இனி ஒன்றும் ஆகாது, கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அண்ணனுக்கும் போன் செய்து எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். எது சரியாகிவிட்டது என்று கேட்டார். அண்ணி வீட்டில் ஒன்றுமே சொல்லவில்லை போலிருக்கிறது.

ஜூலை 9, புதன்

கூட்டம் குறைவு. மழை வரும்போல இருந்ததால் சீக்கிரமே அடைத்தோம்.

அண்ணி நன்றாகத்தான் பேசுகிறார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அண்ணன் முதுகு, பஸ் நெரிசல், எல்லாம் பேசுகிறார். கிளம்பும்போது மட்டும் பையைக் கவுன்டர் மேல் வைத்துத் திறக்கிறார். டப்பா மூடியையும் கழற்றி, உள்ளே தெரிகிற மாதிரி என் பக்கம் சாய்த்துப் பிடிக்கிறார். பை பார்ப்பதை நிறுத்திய அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். இன்று தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "எதுக்கு அண்ணி இது? அதான் வேணாம்னு சொல்லிட்டாங்களே."

"இருக்கட்டும். பாத்துடு" என்றார். குரலில் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

நான் பார்க்கும் வரை டப்பாவைப் பிடித்துக்கொண்டே நின்றார். பார்த்தேன். மூடிக்கொண்டு, "வரேன்" என்று பஸ்ஸுக்குப் போனார்.