பெட்டிக்குள் என் மகனின் மூச்சு

ஏப்ரல் 28

மழை. ஆட்டுக்குட்டி வந்துவிட்டது. கொல்லையில் கட்டியிருக்கிறேன், கத்திக்கொண்டே இருக்கிறது. ஜார்ஜ் பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரம்.

எனக்கு எழுத்து தெரியாது. மருமகள் மிர்சாதா இந்தக் கைப்பேசியில் ஏதோ செய்து கொடுத்தாள். நான் பேசினால் அது எழுதிக்கொள்ளுமாம். "என்னத்தைப் பேசறது?" என்றேன். "தினம் என் காதுல கொட்டறதை இதுல கொட்டுங்க மாமா" என்றாள். சரி, கொட்டுகிறேன்.

ராதே கோஸ்திச் கூப்பிட்டனுப்பினான். போரோவாட்ஸ் ஊருக்கு இப்போது இருப்பது அவனுடைய கல்யாண மண்டபம் ஒன்றுதான். ஆகஸ்டில் நடக்கும் டிரம்பெட் திருவிழாவையும் நகரசபை நிறுத்திவிட்டது, பணம் இல்லையாம். அதே மேடையில் கலர் விளக்கு வெளிச்சம் காட்டும் கூட்டத்துக்கு மட்டும் பணம் எங்கிருந்தோ வந்தது. என் குழுவில் பாதிப் பேர் ஜெர்மனியில் பார்சல் கட்டுகிறார்கள். "இனிமே ஒத்திகை வெக்கணும்னா டார்ட்முண்டுலதான் வெக்கணும்" என்கிறான் ஃபஸ்லி, எங்கள் பெரிய குழல்காரன்.

ராதே சொன்னது இது. ஒன்பதாம் தேதி கல்யாணம். மண்டபத்தில் சத்தம் அளவு தாண்டினால் மின்சாரம் தானாக நின்றுவிடும், சட்டம் அப்படி. அதனால் பாட்டு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வரும். "நீங்க டிரம்பெட்டை வாயில வெச்சுக்கிட்டு நின்னாப் போதும், பெரியவரே. ஊத வேண்டாம். போட்டோவுல பித்தளை பளபளன்னு தெரியணும், அவ்வளவுதான்."

என் மகன் செனாத் சொன்னான்: "ஒரு கழுதையைக் கட்டி நிறுத்துங்க. அதுவும் ஊதாது."

இருந்தாலும் ஒப்புக்கொண்டோம். குளிர்காலம் முழுக்க ஒரு கல்யாணம் கிடையாது.

மே 6

ஜார்ஜ் பெருநாள். நான் பிடித்துக்கொண்டேன், செனாத் அறுத்தான். பிள்ளைகளின் நெற்றியில் ரத்தம் தொட்டு வைத்தோம். ஊருக்கு வெளியே எங்கள் வாத்தியக்காரர் குடியிருப்பு, மஹாலா; அதற்குள்ளேயே ஊதிக்கொண்டோம். ஊருக்குள்ளிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை.

சாப்பிடும்போது ஃபஸ்லி பழைய கதையைக் கிளறினான். ராதேயின் அப்பன் மோம்சிலோ, தன் கல்யாணத்தன்று குடித்துவிட்டு என்னை வால்நட் மரத்தில் ஏற்றி ஊதச் சொன்னான். அப்போது நான் டிரம்பெட்காரன், டிரம்முக்கு மாறியது பிறகு. ஊதினேன். கீழேயிருந்து துப்பாக்கியால் என் காலுக்கடியில் இருந்த கிளையைச் சுட்டான். கிளை முறிந்தது. நான் மேல் கிளைக்குத் தாவினேன், ஊதிக்கொண்டேதான் தாவினேன். மோம்சிலோ அழுதுவிட்டான். என் நெற்றி வியர்வையில் பணநோட்டை ஒட்டி, "எனக்குச் சாவு வந்தாலும் நீதான்டா ஊதணும்" என்றான்.

எங்கள் தொழிலுக்கு ஒரே விதி. சண்டை வந்தால் வாயிலிருந்து டிரம்பெட்டை எடுக்காதே. பாட்டு ஓடுகிறவரை மனிதர்கள் கையால்தான் அடித்துக்கொள்வார்கள். பாட்டு நின்றால் ஒருவன் சொன்னது இன்னொருவன் காதில் விழும். அப்புறம் துப்பாக்கிதான். இதை செனாத்துக்கு அடித்து அடித்துத்தான் கற்றுக்கொடுத்தேன்.

மே 10

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நல்ல பகல் வேளை. வரிசையாக நின்றோம். டிரம்மோடு நான். மற்றவர்கள் டிரம்பெட்டை வாயில் வைத்தார்கள். பெட்டி பாட ஆரம்பித்தது.

அது செனாத்.

அவன் வாசிப்பு. அந்தப் பாட்டை அவன் வாழ்நாளில் வாசித்ததில்லை, ஆனால் வாசிப்பு அவனுடையது. சின்ன வயதில் அவனுக்கு இளைப்பு. மேல் சுரத்துக்கு ஏறும் முன் வாய் ஓரத்தால் ஒரு மூச்சு இழுப்பான், விக்கல் மாதிரி. இன்றைக்கும் போகவில்லை. பெட்டி அதையும் இழுத்தது.

செனாத் என்னைப் பார்த்தான். முகம் சுண்ணாம்பு.

ராதே சிரித்துக்கொண்டே வந்தான். "எப்படி? நீங்க வாசிச்ச பழைய கல்யாண வீடியோ எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குக் கேக்கக் குடுத்தோம். கத்துக்கிச்சு. இனி எந்தப் பாட்டைக் கேட்டாலும் வாசிக்கும்."

"மூச்சே இல்லாத சனியனுக்கு எதுக்குடா மூச்சு வாங்குது?" என்றான் செனாத். சொல்லிவிட்டு ஊத ஆரம்பித்தான். நிஜமாக.

நாங்களும் சேர்ந்துகொண்டோம். நான் டிரம்மை வெளுத்தேன். சத்தம் அளக்கிற விளக்கு சிவப்பாகி மின்சாரம் போனது, பெட்டி செத்தது. கூட்டம் மேசைமேல் ஏறியது. மாப்பிள்ளையின் மாமன்காரன் செனாத்தின் நெற்றியில் நோட்டு ஒட்டினான். ராதேயின் காவல்காரன் கோரான் அதைப் பிய்த்து எறிந்தான். மாமன்காரன் அவனைக் குத்தினான். அப்புறம் எல்லாரும். நாற்காலி, பாட்டில், பெண்களின் செருப்பு. நாங்கள் நிறுத்தவில்லை. விதிப்படி வேகத்தைக் கூட்டினோம்.

கோரான் பேஸ்பால் மட்டையோடு செனாத்தை நோக்கி வந்தான். நான் பார்த்தேன். செனாத்தும் பார்த்தான். வாயிலிருந்து எடுத்திருக்கலாம். கையால் தடுத்திருக்கலாம். குனிந்திருக்கலாம். அவன் ஊதிக்கொண்டே நின்றான். நான் கற்றுக்கொடுத்த மாதிரி.

மட்டை டிரம்பெட்டின் விரிந்த பக்கத்தில் விழுந்தது. ஊதுமுனை பல்லை உடைத்துக்கொண்டு உள்ளே போனது.

எச்சில் வடிகிற துளை வழியாக ரத்தம் வடிந்தது. அப்போதும் அவன் இன்னொரு சுரத்துக்கு முயன்றான். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். கேட்டது நான்தான்.

மே 12

மேல் வரிசை முன்பற்கள் போயின. உதட்டில் தையல். நரம்பு அறுந்திருக்கிறது என்றார் டாக்டர். "ஊத முடியுமா?" என்று கேட்டேன். "கஞ்சி குடிக்கலாம்" என்றார்.

மே 15

போலீஸ் எழுதிக்கொண்டது: படியில் வழுக்கி விழுந்தான்.

"எந்தப் படி? அந்த மண்டபத்துல படியே கிடையாதே" என்றாள் மிர்சாதா.

"அப்ப நீங்களே ஒரு படி கட்டிக்குடுங்கம்மா" என்றான் எழுதியவன். பக்கத்தில் நின்றவன் சிரித்தான். அவன் கல்யாணத்துக்கும் நான்தான் டிரம் அடித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மே 23

சனிக்கிழமை. மண்டபம் எங்கள் மஹாலாவுக்குக் கீழேதான் இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் எல்லாம் கேட்கும். பெட்டி வாசித்துக்கொண்டிருக்கிறது. செனாத் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டான். தையல் போட்ட வாயோடு ஒரு பகல் முழுக்க.

திடீரென்று எழுந்து, ஆணியில் தொங்கிய டிரம்பெட்டை எடுத்து இரும்பு அடுப்பின் விளிம்பில் அறைந்தான். அறைந்துகொண்டே இருந்தான். தட்டையாகிற வரை. மிர்சாதா தடுக்கப் போனாள். அவளையும் தள்ளிவிட்டான், தலை கதவில் மோதியது. அப்புறம் அவள் காலடியில் உட்கார்ந்து ஊளையிட்டான். உதடு பிய்ந்துகொண்டது.

பெட்டி நிறுத்தவில்லை. அதற்குத்தான் உதடு கிடையாதே.

மே 30

டிரம் அடிக்கிற கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் கோரான்.

"என்ன கிழவா, வேலை தேடி வந்தியா?"

"ஆமா" என்று காதோடு சேர்த்து ஒன்று வைத்தேன். கொட்டாப்புளிக்கு மரத்தலை. எனக்கு எழுபத்து நாலு வயது, ஆனால் இந்த மணிக்கட்டு நாற்பது வருஷம் தோலை அடித்தது. அவன் மண்டியிட்டான். காதிலிருந்து ரத்தம். நல்லா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு.

அப்புறம் எழுந்து என் விலாவை உதைத்தான்.

ஜூன் 1

மூச்சு விட்டால் குத்துகிறது.

ஜூன் 19

மோம்சிலோ கிளையைச் சுட்ட அதே ரகத் துப்பாக்கி என்னிடமும் ஒன்று உண்டு. கல்யாணங்களில் வானத்தைப் பார்த்துச் சுடுவது. எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

"யாருக்கு மாமா?" என்றாள் மிர்சாதா, மிளகாய் வதக்கிக்கொண்டே.

"துருப்பிடிக்குது."

"நீங்க ஜெயிலுக்குப் போனா இந்த மனுசனை நான் ஒருத்தி எப்படித் தூக்கி நிறுத்துவேன்? அதையும் யோசிச்சுட்டுத் துடைங்க."

யோசித்தேன். யோசித்தேனா? ராதேயின் வாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிக்கிற வாய். அங்கேதான் சுடவேண்டும், வேறெங்கும் இல்லை.

ஜூலை 7

மோம்சிலோ செத்துப்போனான்.

ராதே தனியாக மஹாலாவுக்கு வந்தான். நாய்கள் குரைத்தன. என் வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"அப்பா கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டாரு, பெரியவரே. நாளைக்கு அடக்கம்."

"பெட்டியைக் கூட்டிட்டுப் போ" என்றான் செனாத். பல் இல்லாததால் பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது. ராதே தரையைப் பார்த்தான்.

கல்யாணத்துக்கு மாட்டேன் என்று சொல்லலாம். குழிக்கு மாட்டேன் என்று எங்களில் யாரும் சொன்னதில்லை. செத்தவன் யாராக இருந்தாலும் சரி.

"வரோம்" என்றேன்.

அவன் போனதும் செனாத் கேட்டான். "துப்பாக்கியை எடுத்துட்டு வருவியாப்பா?"

"வருவேன்."

"சரி. உனக்கு விலா முடியாது. டிரம்மை நான் தூக்கறேன்."

ஜூலை 8

பேச வரவில்லை. நாளைக்கு.

ஜூலை 10

போலீஸ் விட்டுவிட்டது. வயசாம். வழக்கு நடக்கும். சொல்கிறேன்.

அடக்கத்தன்று மழை பெய்து களிமண் வழுக்கியது. ஊரே வந்திருந்தது. மோம்சிலோ விரும்பியது குதிரையை விற்றவனின் பாட்டு. அதில் ஓரிடத்தில் டிரம்பெட் தனியாக ஏறவேண்டும். எங்களிடம் மிச்சமிருந்த இரண்டு ஊதுகாரர்களாலும் ஏற முடியவில்லை. முயன்று முயன்று பாதியில் விழுந்தார்கள். கிழவிகள் அழுகையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

ராதே, கோரானுக்குக் கண் காட்டினான். சவ வண்டியின் பின்கதவு திறந்தது. உள்ளே அந்த ஸ்பீக்கர் பெட்டி.

செனாத்தின் வாசிப்பு கல்லறைகளுக்கு மேல் எழும்பியது. ஏறும் முன் அந்த மூச்சு. ஏறியது. கிழவிகள் ஓ என்று அழுதார்கள். மிர்சாதா அழுதாள். ராதே அழுதான், குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு. அந்த வாய். நான் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்தேன். நேராக, இத்தனை பக்கத்தில்.

அப்போது செனாத்தைப் பார்த்தேன். ஒரு கையில் கொட்டாப்புளி. இன்னொரு கையின் மூன்று விரல்கள் டிரம்மின் விளிம்பில் அழுத்திக்கொண்டிருந்தன, இல்லாத டிரம்பெட்டின் பொத்தான்களை. உடைந்த உதடு குவிந்திருந்தது. பெட்டி மறுபடியும் அவன் மூச்சை இழுத்தது —

திரும்பிப் பெட்டியைச் சுட்டேன். குண்டு தீரும்வரை சுட்டேன்.

பாட்டு நின்றது. நான்தான் நிறுத்தினேன். ஐம்பது வருஷ விதி.

அந்த அமைதியில் ராதே, "அப்பன் சாவுல துப்பாக்கியா, பரதேசி நாயே" என்றது எல்லார் காதிலும் விழுந்தது. ஃபஸ்லி பதிலுக்கு அவன் அம்மாவைப் பற்றிச் சொன்னதும் விழுந்தது. கோரான் மண்வெட்டியால் ஃபஸ்லியின் தோளில் வெட்டினான். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. சொந்தக்காரர்களும் மஹாலாக்காரர்களும் மோதினார்கள், பாதிரியாரின் அங்கி கிழிந்தது, ஒருவன் குழிக்குள் சவப்பெட்டி மேலேயே விழுந்தான். ராதே என் கழுத்தைப் பிடித்தான். என் கண் இருண்டது.

செனாத் ஒரே அடி. கொட்டாப்புளியால், ராதேயின் வாயில்.

பற்கள் களிமண்ணில் விழுந்தன. ராதே அவற்றைப் பொறுக்கப் பார்த்தான். சிலர் ஜாக்கெட்டுக்குள் கை விட்டார்கள். எனக்குத் தெரியும் அந்தக் கை எதற்கு உள்ளே போகும் என்று.

செனாத் டிரம் அடிக்க ஆரம்பித்தான். அடி விழுந்தாலும் நிறுத்தவில்லை. முதுகில் கல், தலையில் கல். அடித்துக்கொண்டே நின்றான். ஜாக்கெட்டுக்குள் போன கைகள் வெறுங்கையாகத் திரும்பி வந்தன. கையாலேயே அடித்துக்கொண்டு களைத்தார்கள். யாரும் சாகவில்லை.

அன்றே ஃபஸ்லியின் தம்பி செனாத்தை எல்லை தாண்டி ஜெர்மனிக்குக் கூட்டிப்போய்விட்டான். என் கையை முத்தமிடக்கூட நேரமில்லை. டிரம் இன்னும் கல்லறையில் கிடக்கிறது என்றார்கள்.

ஜூலை 18

சனிக்கிழமை. கொல்லையில் மிளகாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். காற்று திரும்பியது. மண்டபத்திலிருந்து செனாத்.

"சுட்டேனே" என்றேன். "குண்டு தீர்ற வரைக்கும் சுட்டேனே."

மிர்சாதா என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "மாமா, அது பெட்டிக்குள்ள இல்ல. எங்கயோ தூரத்துல ஒரு கம்ப்யூட்டருல இருக்கு. பெட்டி வெறும் வாய்."

வெறும் வாயைச் சுட்டிருக்கிறேன். அதற்குப் பதில் இன்னொரு வாயைச் சுட்டிருக்கலாம். எந்த வாயை? தெரியவில்லை.

ஆகஸ்ட் 20

மிர்சாதாவும் செனாத்திடம் போய்விட்டாள். போகச் சொன்னது நான்தான். வழக்கு தள்ளிப்போயிருக்கிறது. ஃபஸ்லியின் தோள் சரியாகச் சேரவில்லை.

அக்டோபர் 10

சனிக்கிழமை. முக்காலியை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்சுவருக்குப் போனேன். எத்தனையாவது வாரமோ. முதலில் போகவே கூடாது என்றுதான் இருந்தேன்.

கோரான் சிகரெட்டோடு வெளியே வந்தான். "கிழவா, இன்னிக்கும் அடிக்கவா வந்தே?"

"காது எப்படி இருக்கு?"

"ஒரு பக்கம் கேக்கல. உன் புண்ணியம்." சிகரெட்டை மிதித்தான். "முதலாளி கட்டுப்பல் போட்டுட்டாரு. சாப்பிடறப்ப கழண்டு விழுது." பிறகு உள்ளே போய், சமையலறைக் கதவை அகலத் திறந்து ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் போனான். சத்தம் நன்றாகக் கேட்டது.

அந்த நேரத்தில் செனாத் கூப்பிட்டான். அங்கே பார்சல் கிடங்கில் இடைவேளை. அவனும் கட்டுப்பல் போட்டிருக்கிறான், சொல் இப்போது முழுசாக வருகிறது. சாப்பிட்டாயா, மாத்திரை எடுத்தாயா என்று கேட்டான். பிறகு, "பின்னாடி என்னப்பா சத்தம்?"

"கல்யாணம்."

"யாரு வாசிக்கறது?"

கைப்பேசியைக் கதவுப் பக்கம் நீட்டினேன்.

நான் மறுபடி காதில் வைத்துக்கொண்டேன். உள்ளே வாசிப்பு மெல்ல ஏறப் போனது. ஏறும் முன் பெட்டி அந்த மூச்சை இழுத்தது. கைப்பேசிக்குள் அவனும் இழுத்தான்.

"வேலைக்குக் கூப்பிடறாங்கப்பா" என்று வைத்துவிட்டான்.